தலையில் எண்ணெய் வடிகிறதா?



"குளிச்ச மறுநாளே தலை பிசுபிசுக்குது, பொடுகும் உதிருது. பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்க, இனிப் போக மாட்டேன்" என்று ஒரு மகள் என்னிடம் அழுதாள். பொடுகு போகட்டும் என்று தாய் தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துவிடுகிறார். பிழை அங்கேதான்.

தலைத்தோலே எண்ணெய் சுரக்கும். பருவ வயதில் கூடுதலாகச் சுரக்கும். அது ஊத்தையுமல்ல, ஒட்டும் நோயுமல்ல. எல்லார் தலையிலும் இருக்கிற ஒரு பங்கசுக் கிருமி அந்த எண்ணெயில் பெருகினால் பொடுகு வரும். மேலும் எண்ணெய் வைப்பது அதற்குத் தீனி போடுகிற மாதிரி.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அங்கே அம்மா சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்தால், தேசிக்காய், வெந்தயம் போட்டு அவித்த அரப்புத் தேய்த்து, எண்ணெய் போகும்வரை முழுகவார்ப்பார். நாங்கள் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு அரப்பை விட்டுவிட்டோம்!

கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சீயாக்காயோ ஷாம்பூவோ போட்டு, நகத்தால் கீறாமல் விரல் நுனியால் தேய்த்து நன்றாக அலசுங்கள். சீப்பையும், கொழுந்தெடுக்கும்போது தலையில் போடும் துணியையும் கழுவிக் காயப்போடுங்கள். ஈரத்தலையோடு கொண்டை போடாதீர்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டால், அல்லது தோல் சிவந்து புண்ணானால், டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

அந்த மகளுக்கும் இதைத்தான் சொன்னேன்: வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போ.