அடுப்பங்கரைச் செலவும் அண்டைக் கடையும்

(மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



சமணமலை அடிவாரத்தில் கூடியிருக்கும் இவ்வவையின் முன் இன்று வைக்கப்பெறுவது அடுப்பங்கரைச் செய்தி. மொழிக்கும் இனத்துக்கும் உழைப்போர் கூடிய இடத்தில் உப்புக்கும் புளிக்கும் என்ன வேலை என்று சிலர்க்குத் தோன்றலாம். 'தமிழ் வாழ்க' என்று தெருவில் முழங்கிவிட்டு, தம் வீட்டினுள் நுழையும் பொட்டலங்களின் மேல் தமிழ் இருக்கின்றதா என்று ஒருநாளும் திருப்பிப் பாராதவர்க்கே அவ்வாறு தோன்றும்.

மளிகைச் செலவைப் பற்றி இன்று இருவகை அறிவுரைகள் உலவுகின்றன. குளிரூட்டிய பெருங்கடைக்குப் போ, அங்கேதான் மலிவு என்பது ஒன்று. விலை கூடினாலும் உள்ளூர்க் கடையிலேயே வாங்கு, அதுவே இனப்பற்று என்பது மற்றொன்று. முன்னது வணிக விளம்பரம். பின்னது வயிறு நிறைந்தவரின் உரை. நாட்கூலியை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு தாயிடம், தமிழுக்காகக் கிலோவுக்கு ஐந்து உருபா கூடுதலாகக் கொடு என்று கேட்பது அறமாகாது, கேட்டாலும் நடவாது. செலவும் குறைய வேண்டும், அண்டைக் கடையும் நிலைக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நடைபெறக்கூடியவையே என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

முதலில் அண்டைக் கடைக்காரர் யார் என்பதைப் பார்த்தல் வேண்டும். மதுரைக்கு வடக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழி எழுத்துகளில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒருவன் உப்பு வணிகன். ஒருவன் பணித வணிகன், அதாவது வெல்லப்பாகு விற்றவன். ஒருவன் கொழு வணிகன். இன்னொருவன் அறுவை வணிகன், துணி விற்றவன். மன்னர் பெயர்கள் அல்ல அவை. உப்பும் வெல்லமும் ஏர்க்கொழுவும் துணியும் விற்றவர்கள், துறவியர்க்குப் படுக்கை அமைக்கப் பொருள் கொடுத்துத் தம் பெயரைத் தம் தொழிலோடு சேர்த்துக் கல்லில் பொறித்தனர். தமிழின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே மளிகைக் கடைக்காரர் இடம்பெற்றிருக்கின்றார்! அவருடைய வழிவந்தோர் கடைக்குத்தான் இன்று 'ஸ்டோர்ஸ்' என்றும் 'மார்ட்' என்றும் பெயர்ப்பலகை தொங்குகின்றது. கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதியே உண்டு. விதியின் நிலை என்னவென்பதை மதுரை மாசி வீதிகளில் ஒருமுறை நடந்தால் அறியலாம்.

இனிச் செலவுக்கு வருவோம். வீட்டுப் பணம் எங்கே கசிகின்றது? பெரும்பாலோர் நினைப்பதுபோல் அண்டைக் கடைக்காரரின் ஊதியத்தில் அன்று. முதற்கசிவு பொட்டலத்தில்.

அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றைப் பொட்டலமிட்டுச் சிட்டை ஒட்டி விற்றால் 5 விழுக்காடு சரக்கு, சேவை வரி என்று 18.7.2022 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே பருப்பைச் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் அவ்வரி இல்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கும் இல்லை. அதனாலேயே அரிசி ஆலையினர் 26 கிலோ மூட்டை கட்டத் தொடங்கினர். அரசு 25இல் கோடு கிழித்தது. தமிழ்நாட்டு ஆலையினர் ஒரு கிலோ கூட்டிக் கட்டினர்! இந்தக் கூர்மை வீட்டுக் கணக்கிலும் வேண்டும். 26 கிலோ மூட்டையை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் வரியும் இல்லை. பளபளக்கும் பையின் விலையும், அந்தப் பைக்காகத் தொலைக்காட்சியில் ஆடிப்பாடியவர்களின் கூலியும் இல்லை.

இரண்டாவது, எடை. எண்ணெய், தேயிலை, ஈரட்டி, வழலை போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் பொட்டலமிட வேண்டும் என்று முன்னர் ஒரு வரையறை இருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது நீக்கப்பட்டது. ஆகவே விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் கலை தடையின்றி வளர வழி திறந்தது. அதற்கு மாற்றாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்றனர். அச்சிடுகின்றனர், எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிடுகின்றனர். அந்த அலகு விலையை மட்டும் பார்த்து வாங்கப் பழகினாலே வீட்டுச் செலவில் ஒரு பகுதி குறையும். சிறுபொதி எப்போதும் விலை மிகுந்தது என்பதும் உண்மையன்று. தலைக்குத் தேய்க்கும் நீர்மம் போன்ற சிலவற்றில் சிறுபொதியே மலிவாக இருப்பதுண்டு. கணக்கிட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆனால் எம்மொழியில் கணக்கிடுவது? இங்கேதான் அடுப்பங்கரையும் மொழிப்போரும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டிய செய்திகள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதே நடுவணரசின் விதி. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தாய், தான் வாங்கும் எண்ணெய் பனையெண்ணெயா கடலையெண்ணெயா, எந்நாள் வரை கெடாது, கிலோ என்ன விலை என்று தன் மொழியில் படித்தறிய உரிமையற்றவளாக நிற்கின்றாள். அண்டைக் கடையில் அவள் கேட்கலாம்: "இது போன மாதப் பருப்பா, புதுசா?" கையில் அள்ளிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், வேண்டாம் என்று சாக்கிலேயே போட்டுவிடலாம். அப்பேச்சு முழுதும் தமிழில் நடக்கின்றது. படிக்க முடியாத பொட்டலத்தை வாங்குபவள் விலையையும் தரத்தையும் பிறன் சொன்னபடியே ஏற்கின்றாள். மொழியிழப்பு இங்கே நேராகப் பணவிழப்பாகின்றது.

காய்கறிச் செலவில், மதுரையே நாட்டுக்கு ஒரு வழியைக் காட்டியிருக்கின்றது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 14.11.1999 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பெற்றது. அதன் அமைப்பு மிக எளிது. விளைவித்தவரே விற்க வேண்டும். அவர்க்கு அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை, தராசும் கொடுக்கப்படும். மொத்தச் சந்தை விலையை அதிகாலையிலேயே அறிந்து, அதைவிட 20 விழுக்காடு அளவு கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிட 15 விழுக்காடு அளவு குறைவாகவும் அன்றைய விலை வரையறுக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். உழவர்க்கு மொத்தச் சந்தையில் கிடைப்பதைவிட மிகுதி. வாங்குவோர்க்குச் சில்லறைக் கடையில் கொடுப்பதைவிடக் குறைவு. இருவர்க்கும் இடையில் தின்றுகொண்டிருந்தவை தரகும் சுமைக்கூலியும் கழிவுமே என்பதை அந்தப் பலகை நாள்தோறும் எழுத்திட்டுக் காட்டியது. 2001இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் பேணுவாரற்றுக் கிடந்தது. 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. கட்சிக்கேற்ப உயிர்க்கவும் மாளவும் வேண்டிய திட்டமா அது? உழவரும் தாய்மாரும் அதைத் தம் உடைமையாகக் கருதியிருந்தால் எந்த ஆட்சியும் கைவைத்திராது.

இவ்வெண்ணத்தையே மளிகைக்கும் கொண்டுவருதல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தெருவில் இருபது குடும்பங்கள், குடும்பத்துக்குத் திங்களுக்கு இரண்டரைக் கிலோ துவரம்பருப்பு. மொத்தம் 50 கிலோ, அதாவது ஒரு மூட்டை. இருபது பேரும் கால் கிலோ, அரைக் கிலோ என்று தனித்தனியே வாங்கும்போது, கடைக்காரர் அம்மூட்டையைத் தவணைக்கு எடுத்து வந்து, வட்டியைத் தாங்கி, பல நாள் வைத்திருந்து, சிந்தியதும் வண்டடித்ததும் போக விற்கின்றார். அந்த வட்டியும் இழப்பும் விலையில் ஏறுகின்றன. இருபது பேரும் திங்கள் முதலில் கூடித் தேவையை எழுதிப் பணத்தை முன்னரே கொடுத்துவிட்டால், அவர் கீழமாசி வீதியில் உடன்பணம் கொடுத்துப் பேரம் பேசி வாங்குவார். அன்றே பகிர்ந்து கொடுத்துவிடுவார். வட்டி இல்லை, வண்டு இல்லை, வாராக்கடன் இல்லை. அவர்க்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசி ஒரு கூலி. விலை குறையும், அவர் கைக்கு நிற்கும் தொகையோ குறையாது.

இது புதுமையன்று. இங்கிலாந்தின் இராச்டேல் ஊரில் 1844இல் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள், மாவும் வெண்ணெயும் சருக்கரையும் கலப்படமின்றிக் கிடைக்கவேண்டித் தாமே ஒரு கடை வைத்தனர். சந்தை விலைக்கே விற்று, எஞ்சிய மிச்சத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தனர். அவ்வழியில் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் நூறாண்டைக் கடந்தது.

கூட்டுறவு என்னும் சொல் கீழக்குயில்குடிக்குக் கசப்பான வழியிலும் வந்ததுண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் இவ்வூர் மீது பாய்ந்தது. இம்மண்ணின் ஆடவர் கைரேகை வைத்து, இரவில் அடைபட்டுக் கிடந்தனர். 1920 ஏப்பிரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் குருதி சிந்திய பின்னரே வெள்ளை அரசு கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிகளையும் கூட்டுறவுக் கழகங்களையும் கொண்டுவந்தது. அப்பள்ளிகளால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அக்கழகங்கள் அதிகாரி மேலிருந்து ஆட்டிய கழகங்கள். கண்காணிப்பு ஒரு கையிலும் கடன் மறு கையிலுமாக வந்தவை. இருபது தாய்மார் தாமே கூடி எழுதும் பட்டியல் அத்தகையதன்று. அதற்குப் பதிவும் வேண்டா, தலைவரும் வேண்டா. ஒரு குறிப்பேடும், கணக்கெழுதத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும்.

பணம் முன்னரே கொடுக்க இயலாதவர் என்ன செய்வார் என்று கேட்கப்படலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெருங்கடை எதுவும் பற்றுக் கணக்கு எழுதுவதில்லை. மழைக்காலத்தில் வேலையற்றவன் வீட்டுக்கு அரிசி கொடுத்து, 'அறுப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்பவர் அண்டைக் கடைக்காரர் ஒருவரே. 2020 மார்ச்சு 25 முதல் நாடு அடைபட்ட நாள்களில் தெருமுனைக் கடைகளின் அருமை தெரிந்தது. ஆனால் பற்றில் வாங்குபவர் பேரம் பேச முடியாது என்பதும் மெய். ஆகவே இயன்றவர் முன்பணம் கொடுத்து, இயலாதவர்க்கு இரண்டு மூன்று பங்குகளை அக்குழுவே தாங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

கடைக்காரர் எல்லாரும் புண்ணியர் என்பதன்று இவ்வுரை. முத்திரையிடாத தராசு வைத்திருப்பவரும், பழைய பருப்பின்மேல் புதியதைப் பரப்புபவரும் உளர். விலைப்பலகையைத் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தராசின் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரை விட்டு அடுத்த கடைக்குப் போவதில் தவறில்லை. அதுபோல், செக்கெண்ணெய் மலிவு என்று சொல்லித் திரிவதும் பொய். அது விலை கூடியதே. நலத்துக்காகச் சிறிதளவு வாங்குக. சிக்கனத்தின் பெயரால் வாங்கற்க. பங்கீட்டுக் கடையில் 2007 முதல் குறைந்த விலைக்குக் கிடைத்துவரும் துவரம்பருப்பையும் பனையெண்ணெயையும் இழிவென்று விடுவது வீண்பெருமை.

உள்ளூர்க் கடையில் விட்ட காசு எங்கே போகின்றது என்பதற்கு விருதுநகர் சான்று. அங்கு வணிகர் தம் வணிகத்திலிருந்து மகமை என்று சிறுதொகை ஒதுக்கினர். வீடுகள்தோறும் பிடியரிசி திரட்டினர். 1889இல் தொடங்கிய அவ்வூர்ப் பள்ளி இவ்வாறு வளர்ந்தது. காமராசர் படித்தது அங்கேதான். பலசரக்கு விற்ற காசு பள்ளிக்கூடமாயிற்று. பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அயல்நாட்டு முதலீடு வரலாம் என்று நடுவணரசு 2012இல் கதவைத் திறந்தபோது தமிழ்நாடு மறுத்ததற்கு இத்தகைய பட்டறிவும் ஒரு காரணம் எனலாம். கடைவழி வராதவர்கள் கைப்பேசி வழி வந்துவிட்டனர் என்பது வேறு செய்தி. அவர்கள் ஈட்டும் ஊதியத்தில் எவ்வூர்ப் பள்ளிக்கும் மகமை வருவதில்லை.

தொடங்குவோர்க்கு ஒன்று. எல்லாப் பொருளையும் முதல் திங்களிலேயே கூட்டாக வாங்க முயல வேண்டா. கணக்கும் குழம்பும், மனமும் முறியும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். ஆண்டுக்கு வேண்டிய புளியையும் மிளகாயையும் மட்டும் முதலில் இருபது குடும்பமாகச் சேர்ந்து, அண்டைக் கடைக்காரர் வழியாகவே எடுங்கள். புளியைக் கொட்டை நீக்கி, உப்பிட்டு, பானையில் அடைப்பது வழிவழியாகத் தாய்மார் அறிந்த வேலை. அதில் கிடைத்த மிச்சத்தைக் குறிப்பேட்டில் தமிழில், தமிழ்த் திங்கள் பெயரிட்டு எழுதி வையுங்கள். பருப்பு மூட்டையைச் சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம்.