அறை வாடகையும் அக்காவின் கூலியும்

(எல்லையோரக் கிளைகளின் கூட்டத்தில், மூணாறு பகுதியைச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களின் பாட்டைப் பற்றிப் பேசு என்று செயலாளர் சொன்னபோது, கமிட்டியில் ஒரு தோழர் கேட்டாராம்: "இரண்டு அறை வைத்து வாடகைக்கு விடுகிறவர் சின்ன முதலாளி. அவர் குறையைக் கேட்கவா தொழிலாளர் கூடுகிறோம்?" நியாயமான கேள்விதான். அந்தத் தோழர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

என் தாயார் முப்பத்துநாலு வருஷம் கொழுந்து கிள்ளியவர். லயத்து வீட்டில்தான் நாங்கள் பிறந்தோம், வளர்ந்தோம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடு என்று கம்பெனிக்குச் சொன்னது. ஆனால் தொழிலாளியாக இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலை முடிந்த அன்று சாவியைக் கொடுக்க வேண்டும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் கிராஜுவிட்டி, சீட்டுப் பணம், வங்கிக் கடன் மூன்றையும் சேர்த்து அஞ்சு சென்ட் வாங்கினோம், வீடு கட்டினோம். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் இரண்டு அறை. அந்த அறைகள் தவணை கட்டும் என்பது கணக்கு. கேரள சுற்றுலாத் துறை தரும் சான்றிதழின்படியும் ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் இருக்கக் கூடாது. (இப்போது வெளியூர்க்காரர் யாரோ வீட்டை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, ஒரு பையனைக் காவலுக்கு வைத்துவிட்டு, அதே போர்டை மாட்டிக்கொள்கிறார்கள். அது வேறு கதை, இன்றைக்கு வேண்டாம்.)

முதலில் ஆட்களை அனுப்பியவர்கள் ஜீப் டிரைவர்கள். பிறகு போனில் புக்கிங் செய்யும் கம்பெனிகள் வந்தன. பொய் சொல்லக் கூடாது, முதல் இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், நம்மை யாரென்று தெரியாதவர்கள் நம்பி வந்தார்கள். பணம் வங்கிக்கு வந்தது.

2018 குறிஞ்சி பூக்கும் வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் சீசன் என்று எல்லோரும் கடன் வாங்கி வெள்ளையடித்தோம், கட்டில் மாற்றினோம். ஆகஸ்டில் வெள்ளமும் மண்சரிவும் வந்து பாதை எல்லாம் போயிற்று. எழுந்து நிற்பதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து கதவை அடைத்தது. கதவு அடைத்தாலும் வங்கித் தவணை அடைபடுவதில்லையே! மறுபடி திறந்தபோது நாங்கள் எந்த விலைக்கும் தலையாட்டும் நிலையில் இருந்தோம். கம்பெனிக்கும் அது தெரிந்திருந்தது.

அப்போதுதான் போனில் செய்தி வர ஆரம்பித்தது. "உங்கள் பகுதியில் மற்ற வீடுகள் உங்களைவிடக் குறைந்த விலையில் இருக்கின்றன. 20 சதவீதம் குறைத்தால் பட்டியலில் மேலே வருவீர்கள்." குறைக்காவிட்டால்? யாரும் மிரட்டவில்லை. நம் வீடு பட்டியலின் அடியில் போய்விடும், அவ்வளவுதான். இரண்டு வாரம் போன் அடிக்காது. மூன்றாவது வாரம் நாமே விரலால் அமுக்கிக் குறைத்துவிடுவோம். குறைத்தது நாம்தானே, அவர்கள் இல்லையே!

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன், தயவுசெய்து காது கொடுங்கள். என் ஒரு அறைக்கு ஒரு ராத்திரி வாடகை 1,500 ரூபாய். கம்பெனிக்குக் கமிஷன் 20 சதவீதம், 300 ரூபாய். என் கைக்கு 1,200. இதில் துப்புரவு செய்து விரிப்பு துவைக்கும் அக்காவுக்கு 250, இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு 160, கரண்ட்டும் வெந்நீரும் 120, சோப்பு, விரிப்புத் தேய்மானம் 50, வங்கித் தவணையில் அந்த அறையின் பங்கு 300. ஆக 880. மிச்சம் 320. இதுதான் என் கூலி, என் தாயாரின் கூலி, ராத்திரி பதினொரு மணிக்கு வருகிறவருக்கு எழுந்து சுக்குக்காப்பி போடுகிற கூலி எல்லாம்.

20 சதவீதம் குறைத்தேன். வாடகை 1,200. கமிஷன் 240. என் கைக்கு 960. செலவு அதே 880. மிச்சம் 80 ரூபாய். கம்பெனிக்கு 60 ரூபாய் குறைந்தது, எனக்கு 240 ரூபாய் குறைந்தது. அப்புறம் சீசன் இல்லாத மாதத்துக்கு இன்னொரு 10 சதவீதம் என்றார்கள். வாடகை 1,080. கமிஷன் 216. என் கைக்கு 864. செலவோ 880! 16 ரூபாய் கையிலிருந்து போட்டு விருந்தாளியைத் தூங்க வைக்கிறேன். அந்த ராத்திரியிலும் கம்பெனிக்கு 216 ரூபாய் போய்ச் சேருகிறது. அறை நிரம்பினால் போதும், அவர்களுக்கு லாபம். நிரம்ப நிரம்ப எனக்கு நட்டம்.

நம் பாட்டன்மாருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் நம்மைக் கூட்டி வந்த கங்காணிக்கு என்ன கிடைத்தது? தலைக்காசு. பிரட்டுக்கு எத்தனை தலை வந்தது என்பதுதான் அவர் கணக்கு. அந்தத் தலை சாப்பிட்டதா, காய்ச்சலோடு வந்ததா என்பது அவர் கணக்கில் வராது. இன்றைக்குத் தலைக்குப் பதில் ராத்திரி எண்ணப்படுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கங்காணியின் முகத்தையாவது நமக்குத் தெரியும், கோபம் வந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

முகம் தெரியாததால் நான் யாரிடம் கோபப்பட்டேன் தெரியுமா? பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம். அவருக்கும் மூன்று அறை. "மற்ற வீடுகள் குறைந்த விலையில்" என்றால் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆறு மாதம் பேச்சில்லை. அவர் மகள் சடங்குக்குக்கூட நான் போகவில்லை. ஒரு மழை ராத்திரி கரண்ட் போயிற்று, அவர் வீட்டுக்குத் தீப்பெட்டி கேட்கப் போக வேண்டியதாயிற்று. வாய் சும்மா இருக்குமா?

"ஏன் அண்ணாச்சி, எங்க பிழைப்பைக் கெடுக்கிறீங்க? ஆயிரத்து இருநூறுக்கு இறங்கிட்டீங்களே" என்றேன்.

"நீதானே தாயி முதல்ல இறக்கினது? எனக்குப் போன்லயே வந்துச்சே" என்றார் அவர்.

இரண்டு போனையும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே செய்தி, ஒரே தேதி, ஒரே வார்த்தை. அவருக்கு நான் "மற்ற வீடு", எனக்கு அவர் "மற்ற வீடு".

தோழர்களே, இது மூணாற்றில் மட்டும் நடப்பதில்லை. பெரிய ஓட்டல்காரர்களே இந்தக் கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டு கத்தினார்கள். இந்திய ஓட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2019இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போயிற்று. மேக்மைட்ரிப்–கோஐபிபோவில் போட்ட விலைக்குக் கீழே வேறு எங்கும் விற்கக் கூடாது, சொந்த வலைத்தளத்தில்கூடக் கூடாது என்று ஓட்டல்களுக்கு நிபந்தனை இருந்தது. ஓயோவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்துக்காக, அதற்குப் போட்டியான டிரீபோ, ஃபேப்ஹோட்டல்ஸ் நிறுவனங்களை மேக்மைட்ரிப் பட்டியலிலிருந்து நீக்கியதும் விசாரணைக்கு வந்தது. 2022 அக்டோபர் 19 அன்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது. மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம், ஓயோவுக்கு 168.88 கோடி. அந்த விலை நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது அவர்கள் வழக்கம்.

பிரான்சு இந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்று 2015இலேயே சட்டம் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் புக்கிங் டாட் காம் வழக்கில், இந்த நிபந்தனை இல்லாமல் தொழில் நடக்காது என்ற வாதத்தை ஏற்கவில்லை. அதன் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய ஓட்டல்கள் சேர்ந்து நஷ்டஈடு கேட்கக் கிளம்பின. 2020 மார்ச்சில் ஏர்பிஎன்பி, வீட்டுக்காரர்கள் வைத்திருந்த ரத்து விதிகளை ஓரம் தள்ளிவிட்டு விருந்தாளிகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. உலகம் முழுவதும் வீட்டுக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகு அந்த மாதக் கடைசியில் அவர்களுக்காக 25 கோடி டாலர் ஒதுக்கியது. கூச்சல் போடாதிருந்தால் ஒதுக்கியிருக்குமா?

இதெல்லாம் நமக்கு எதற்கு? ஒரு விருந்தாளி ஒருமுறை வந்து போனபின் நேரடியாகப் போன் செய்தால், 1,300க்கு அறை கொடுக்கலாம். அவருக்கு 200 ரூபாய் மிச்சம், எனக்கு 1,200க்குப் பதில் 1,300. இதைச் செய்ய நமக்குப் பயம். நிபந்தனை என்று ஏதோ இருக்கிறதே, பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்களே என்ற பயம். தாளைப் படித்துப் பார்க்காமலேயே பயப்படுகிறோம். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வண்டன்மேட்டுக்காரர்கள் கேட்கலாம்: ஏலக்காய்க்கு இருப்பதுபோல நமக்கும் ஏலம் இருந்தால் என்ன? புற்றடியிலும் போடியிலும் விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. விலை கட்டவில்லை என்றால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் குறை உண்டு, ஆனால் மூட்டையைக் கட்டி வைக்கலாம். அறை அப்படியல்ல. இன்றைய ராத்திரியை மூட்டை கட்டி நாளைக்கு விற்க முடியாது. அறை ஏலக்காய் அல்ல, பால். சித்தூர்த் தோழர்களுக்கு இது புரியும். கறந்த பாலை அன்றைக்கே ஊற்றியாக வேண்டும் என்பதால்தான் ஒரு காலத்தில் வியாபாரி சொன்னதே விலையாக இருந்தது. அதனால்தான் சொசைட்டி வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லோரும் கூடி, 1,500க்குக் கீழே விடமாட்டோம் என்று தீர்மானம் போட்டுவிடலாமா? அண்ணாச்சி அப்படித்தான் சொன்னார். அங்கேதான் ஒரு வேடிக்கை. விற்கிறவர்கள் கூடி விலை வைத்தால் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு நம்மைத்தான் முதலில் பிடிக்கும்! ஆகவே அந்த வழி வேண்டாம்.

இப்போது அந்த மூன்றாவது வரிசைத் தோழருக்கு வருகிறேன். 864 ரூபாய் கைக்கு வந்த மாதம் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. வங்கியிடம் குறைக்கச் சொல்ல முடியாது. கேஸ்காரரிடம் முடியாது. துவைக்கும் அக்காவிடம், "இந்த மாசம் இருநூறு வச்சுக்கோங்க அக்கா, சீசன் வரட்டும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு வீட்டு வேலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டையும் முடிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிவந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூட நாள். அந்தப் பிள்ளை என் வீட்டுக் குழாயடியில் நின்று ஈரப் போர்வை பிழிந்ததைப் பார்த்தேன். அந்த அக்காவும் லயத்துக்காரர்தான், என் தாயாரோடு ஒரே காட்டில் கொழுந்து எடுத்தவர். பெங்களூரில் யாரோ 20 சதவீதம் என்று அமுக்கியது எங்கே வந்து இறங்கியது பார்த்தீர்களா?

ஆகவே விலையைக் கூடிப் பேச வேண்டாம், கூலியைக் கூடிப் பேசுவோம். கூலி பேசுவது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தொட்டு நம் உரிமை. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து, 10 சதவீதமாகக் குறைத்த போனஸை மறுபடி 20 சதவீதமாக்கிக் காட்டினார்கள். அறைக்கு இவ்வளவு, விரிப்புக்கு இவ்வளவு என்று துப்புரவுப் பெண்கள் சங்கத்தின் மூலம் கேட்கட்டும். வீடு வைத்திருக்கும் நாங்கள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்கிறோம். அந்தக் கூலி நிலையாக நின்றால், அதற்குக் கீழே அறை விட என்னாலும் முடியாது, அண்ணாச்சியாலும் முடியாது. கம்பெனி என்ன செய்தி அனுப்பினாலும், "இதற்குமேல் குறைத்தால் கூலி கொடுக்க முடியாது" என்று அவரவர் கணக்கைப் பார்த்து அவரவரே மறுக்கலாம். சிலருக்குப் புக்கிங் குறையும். எனக்கும் குறையலாம். அதை மறைக்கவில்லை.

வாசலில் மாணவர் அணிப் பிள்ளைகள் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு வைத்திருப்பவர்கள் உங்கள் அறைச் செலவைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள். விலையைச் சொல்ல வேண்டாம், செலவு மட்டும் போதும். துவைக்கிற, பெருக்குகிற தாய்மார்கள் இப்போது வாங்குவதையும், எவ்வளவு இருந்தால் கட்டும் என்பதையும் தனிப் பக்கத்தில் சொல்லுங்கள். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் போதும். என் வீட்டு அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: 300. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.