சென்னைத் துறைமுகமும் கரையோர மணலோட்டமும்



இம்மாநாட்டுக்குத் தலைமை வகிக்குமாறு பணிக்கப்பட்டதைப் பெருங்கௌரவமாகக் கொள்கிறேன். என்னினும் நெடுநாள் இக்கரையை அளந்து பழகிய பெரியோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் காண்கையில், சிறிது அச்சமும் உண்டாகிறது. ‘கடற்கரைப் பாதுகாப்பு’ என்னும் பொதுப்பொருளை அமர்வுகள் விரிவாக ஆராயவிருக்கின்றன. ஆதலின், அலை சாய்வாக வந்து உடைவதும், உடைந்த நீர் கரையையொட்டி ஓடுவதும், கலங்கிய மணல் அதனோடு செல்வதுமாகிய பாலபாடங்களை விடுத்து, நெடுங்காலமாக என் மனத்தை விட்டு நீங்காத ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.

1875ஆம் ஆண்டின் இறுதியில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, திறந்த கடலுக்குள் எழுந்து, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகச் சுவர்கள், கப்பல்களின் பொருட்டு அமைந்தனவே ஆயினும், மணலோட்ட சாஸ்திரத்துக்கு எளிதில் வாய்க்காத ஒரு பரிசோதனையாகிவிட்டன. தென்மேற்குப் பருவக்காலத்தில் வடக்கே செல்லும் மணல் தென்சுவரில் தடைபட்டுக் குவிந்தது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் ஓட்டம் தெற்கே திரும்பினும், ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கியதே மிகுதி. ஒரு காலத்தில் கோட்டைக்கு அருகே அலையடித்த கடல் விலகிற்று, மெரினா அகன்றது. இராயபுரமும் திருவொற்றியூரும், வரவு நின்று செலவு மட்டும் தொடரும் குடும்பம்போல, நிலம் இழந்தன. கிழக்கே திறந்திருந்த நுழைவாயிலையும் மணல் விட்டுவைக்காமையால், அதை மூடி வடகிழக்கில் புதுவாயில் அமைக்க நேர்ந்தது.

இவ்வோட்டத்தை ஆராய்ந்து, முதல் உலகப் போருக்குச் சற்று முன் லண்டன் சிவில் பொறியாளர் கழக வெளியீட்டில் எழுதியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை இராமானுஜன் எழுத்தராய்ப் பணியாற்றிய காலத்துத் துறைமுகத் தலைவர் என்றே தமிழ்நாடு அவரை நினைவுகூருகிறது. அக்கட்டுரையை இன்று நம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? மாறாக, கோமாரும் இன்மனும் கலிபோர்னியாவின் சில்வர் ஸ்ட்ராண்டிலும் மெக்ஸிகோவின் எல் மொரீனோவிலும் சாயமேற்றிய மணலைக் கொண்டு கண்டு 1970இல் வெளியிட்ட 0.77 என்னும் குணகத்தை, சோழமண்டலக் கரைக்கும் விதித்த நியதிபோல் எடுத்தாளுகிறோம். அவர்களது உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், அலை நான்கு பாகைச் சாய்வில் உடையும் கரையில் கோணத்தை இரண்டு பாகை தவறாக அளந்தால், அக்குணகத்தால் கணிக்கும் மணலோட்ட அளவு பாதியாகவோ ஒன்றரை மடங்காகவோ மாறிவிடும். அத்தகைய கணக்கினும், பல்லாண்டுகளாகச் சுவர் தாங்கிக் காட்டிய மணற்குவியல் நம்பத்தக்க பிரமாணமன்றோ?

மெரினாவின் மணல் கூவமும் அடையாறும் கொணர்ந்ததே என்று மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் பன்முறை எழுதியிருக்கிறார். ஆண்டின் பெரும்பகுதி மணல்திட்டால் வாயடைபட்டுக் கிடக்கும் அவ்வாறுகள், அத்தனை மணலை எப்பொழுது கடலில் சேர்த்தன என்பதை அவர் இன்னும் விளக்கவில்லை. வாயை அடைக்கும் அத்திட்டே கரையோர ஓட்டம் இட்டதாகும். வடகரையின் அழிவுக்குப் புயலையே காரணம் காட்டும் அபிப்பிராயத்தையும் நான் ஏற்பதற்கில்லை. புயல் வாரிச் சென்ற மணலில் பெரும்பகுதி பின்வரும் மாதங்களில் திரும்பக் கூடும், சுவர் தடுத்த மணலோ தானாக வடக்கே சேர வழியில்லை.

புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, மணலை வடக்கே கொண்டுசேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது முறையாக நடைபெறாமையால் நகரின் மணற்கரை மறைந்து கருங்கல் வரிசையாயிற்று. கல்லைக் கொட்டிக் காத்த இடத்துக்கு வடக்கே அடுத்த கிராமம் அரிபடுவதை நாம் பிரத்யட்சமாகக் கண்டும், மேலும் கல் கேட்டே விண்ணப்பிக்கிறோம். ஆகவே, ஒரு துறைமுகம் தெற்கே பிடித்துவைக்கும் மணலை ஆண்டுதோறும் அளந்து வடகரையில் சேர்ப்பது, தூர்வாருவதைப் போலவே அத்துறைமுகத்தின் நித்தியச் செலவு என இம்மாநாடு தீர்மானிக்க வேண்டுமெனப் பிரேரிக்கிறேன். ஸ்பிரிங்கின் கட்டுரையைப் பிரதியெடுத்து மேசைமீது வைத்திருக்கிறேன். என்னை மறுக்க விரும்பும் அன்பர்கள் பிற்பகல் அமர்வுக்கு முன் அதைப் படித்துவிட்டு வருமாறு வேண்டி, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.