மூலமும் காவியும்



எண்ணெயின் காலம் முடிகின்றது, இனி மின்சாரம் நம்மைக் காக்கும், அதன்பின் ஐதரசன் வந்து உலகையே காக்கும் என்ற பேச்சு இன்று எங்கும் எழுகின்றது. நல்ல பேச்சுத்தான். ஆயினும் அதனை நம்பிப் பணத்தை முதலிடுமுன் நாம் ஒரு வினாவைக் கேட்டேயாக வேண்டும். அந்த மின்சாரமும் அந்த ஐதரசனும் எங்கிருந்து வருகின்றன?

ஞாயிற்றின் ஒளி, காற்று, மலையருவி, விறகு, நிலக்கரி, மசகெண்ணெய் ஆகியன சக்தியின் மூலங்கள். இயற்கை அவற்றில் சக்தியை முன்னரே வைத்திருக்கின்றது. மின்சாரமும் ஐதரசனும் அத்தகையன அல்ல. வேறொன்றிலிருந்து பெற்ற சக்தியைச் சுமந்து வருவனவே அவை. ஆகவே அவற்றைச் சக்திக்காவிகள் என்கிறோம். கிணறு வேறு, வாய்க்கால் வேறு என்பதைக் கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. வாய்க்காலை எத்துணை அழகாகக் கட்டினாலும், கிணறு வற்றினால் பயிருக்குப் பாய்வது எது?

நமது தீவின் கதையையே பாருங்கள். 1950 இல் லக்சபானாவில் மலைநாட்டு நீர் மின்சாரமாகியது. 2011 இல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்சாரமாகியது. இன்று அங்குள்ள மூன்று இயந்திரங்களின் வலு 900 மெகாவாற்று. வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றே. ஆனால் ஒரு மூலம் நம் மலையில் பெய்யும் மழை. மற்றையது கப்பலேறி வரும் கரி. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் இன்றி, மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நேர்ந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் இயந்திரத்தை விட்டு மின்சார இயந்திரத்துக்கு மாறியவர், கப்பலை நம்பியிருக்கும் நிலையிலிருந்து முற்றாக விடுபட்டாரா? இல்லை.

இனி ஐதரசன். நிலத்தடியில் அது இயற்கையாகச் சில இடங்களில் உண்டெனினும், உலகம் பாவிப்பது ஏறக்குறைய முழுவதும் ஆக்கப்பட்டதே. அதிலும் மிகப் பெரும்பகுதி இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து பிறந்தது. புகையற்றது என்று புகழப்படும் அதன் பிறப்பிலேயே காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகின்றது. நீரை மின்னால் பிரித்துப் பெறலாமே எனில், கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ ஐதரசனுக்கு 50 முதல் 55 அலகு மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோ சுமப்பது 33 அலகு. அதனை மீண்டும் மின்சாரமாக்கினால் கையில் எஞ்சுவது 16, 17 அலகே. மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே கசிந்துவிடுகின்றது.

இதனால் காவிகள் வேண்டா என்று நாம் கூறவில்லை. காவியின்றி மலையருவி நம் வீட்டு விளக்கை ஏற்றாது. யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவும் ஐதரசன் இன்றி ஆகாது. ஆனால் காவியை மூலமென மயங்குதல் கூடாது. தோட்டத்துக் கிணற்றருகே சூரியத் தகடு வைத்தால், தகட்டைப் பிறநாட்டிலிருந்து வாங்கினாலும், அதன்மேல் விழும் வெயிலை எவரிடமும் வாங்க வேண்டியதில்லை. பகலில் இறைத்துத் தொட்டியில் நிரப்பிய நீரே ஒரு சேமிப்பு. அதற்கு ஐதரசன் வேண்டாம். மன்னாரில் 2020 இல் திறக்கப்பட்ட 103.5 மெகாவாற்றுக் காற்றாலைகளின் மூலமும் நம் கரையில் வீசும் காற்றே.

ஆகவே அன்பர்களே, புதிய இயந்திரத்தை விற்க வருபவரிடமும், புதிய திட்டத்தைக் காட்டி வாக்குக் கேட்க வருபவரிடமும் இரண்டே வினாக்களைக் கேளுங்கள். இதன் மூலம் எது? அங்கிருந்து இங்கு வருமுன் இழப்பு எவ்வளவு? கணக்கிடத் தெரிந்த படித்தவர்கள் அக்கணக்கைக் கமக்காரர் முன் வைக்கக் கடமைப்பட்டவர்கள். கமக்காரர் அதனைக் கேட்டுப் பெற உரிமையுடையவர்கள். அந்தக் கடமையும் அந்த உரிமையும் நம் ஊர்தோறும் ஒன்றுசேரட்டும்.