பழைய கேம், புது கம்ப்யூட்டர்: வேகம் எங்கே போகிறது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர் கேமைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சிலர் யோசிப்பது தெரிகிறது. படித்தது பி.காம். வேலை வங்கியில், கிளார்க். பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் சேர்ந்து, எல்லாம் திரைக்குள் போன பிறகு ஓய்வு பெற்றவன். கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், சாப்பாட்டு இடைவேளையில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. தகுதி அவ்வளவுதான்.

இந்த மூன்று மாதத்தில் நம் குடியிருப்பில் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “சார், லேப்டாப் புதுசு. 16 ஜி.பி. ராம். ஆனால் பையன் ஆடுகிற அந்தப் பழைய கேம் திக்கித் திணறுகிறது. கடையில் கேட்டால் வேறு மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கிவிடலாமா?” எழுபது, எண்பதாயிரம் ரூபாய் விஷயம். அதனால்தான் செயலாளரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினேன்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999இல் வந்தது. உங்களில் நாற்பதைத் தாண்டிய பலர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியிருப்பீர்கள். அதற்கு அன்று கேட்ட கம்ப்யூட்டர், 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 எம்.பி. ராமும். இன்று சாதாரண போனில்கூட 4 ஜி.பி. ராம் இருக்கிறது. கணக்குப் போட்டால் 128 மடங்கு. அப்படியிருக்க ஏன் திணற வேண்டும்?

வங்கி கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பிராசஸரில் ஒரே ஒரு கவுன்டர். அதை வேகமாக்குவது எப்படி என்பதே எல்லாருடைய கவலையாக இருந்தது. 2005 வாக்கில் அந்த ஒரு கவுன்டரை மேலும் விரட்ட முடியவில்லை, சூடு தாங்கவில்லை. எனவே கம்பெனிகள் கவுன்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இரண்டு, நான்கு, இன்று எட்டு, பதினாறு. ஆனால் 1999இல் எழுதிய கேமுக்கு இது தெரியாது. வேலை முழுவதையும் ஒரே கவுன்டரில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தும். மற்ற ஏழு பேரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

இதை நீங்களே பார்க்கலாம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கேம் திணறும், ஆனால் சி.பி.யூ. 12, 13 சதவீதம் என்று காட்டும். “பிராசஸர் சும்மாதானே இருக்கிறது” என்று தோன்றும். எட்டுக் கவுன்டரில் ஒன்று முழுக்க நிரம்பினால் எவ்வளவு? நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அந்த 12 சதவீதம் சும்மா இருப்பதன் அடையாளம் இல்லை, ஒரு கவுன்டர் மூச்சுவிட முடியாமல் நிற்பதன் அடையாளம். இந்த நிலையில் எத்தனை ராம் கூட்டினாலும் பயனில்லை. எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும். திறந்த பிறகு ஓடும் வேகம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது காரணம் மொழிபெயர்ப்பு. பழைய கேம்கள் திரையில் படம் வரைய டைரக்ட் டிரா என்ற முறையைப் பயன்படுத்தின, அதுவும் 256 வண்ணத்தில். இன்றைய விண்டோஸும் கிராபிக்ஸ் கார்டும் அந்த மொழியில் பேசுவதில்லை. விண்டோஸ் 8 முதல், அந்த 256 வண்ணத்தையே போலியாகச் செய்துதான் காட்டுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தால் வேகம் எப்படி வரும்? விண்டோஸ் 7இல் இதே கேமில் தண்ணீரும் புல்லும் விசித்திர வண்ணத்தில் மாறியதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த 256 வண்ணக் குழப்பம்தான்.

இதற்கு நல்ல மொழிபெயர்ப்பாளர்களை ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தருகிறார்கள். டிஜி வூடூ 2 என்பது ஒன்று, சிஎன்சி டிடிரா என்பது இன்னொன்று. கேம் இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு சிறு கோப்பை வைத்தால் போதும், கேம் பேசும் பழைய மொழியை இன்றைய கார்டுக்குப் புரியும் மொழிக்கு நேராக மாற்றிக் கொடுத்துவிடும். விண்டோஸில் வேறெதையும் தொடுவதில்லை. பிடிக்காவிட்டால் அந்தக் கோப்பை அழித்துவிடலாம், பழைய நிலை வந்துவிடும்.

இனி, கூட்டத்துக்கு நான் வரக் காரணமான விஷயம். நம் பிளாக் ஒன்றில் ஒரு பெரியவர், அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மகன் வெளிநாட்டில். ஞாயிறு இரவு அப்பாவும் மகனும் மகனின் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இதே கேமின் 2019ஆம் வருடப் புதுப்பதிப்பை, டெஃபினிட்டிவ் எடிஷனை, ஆடுவார்கள். 2022இல் அதில் திராவிடர் என்று ஒரு அணியும் ராஜேந்திர சோழன் கதையும் சேர்ந்தன. இவர் அந்த அணி தவிர வேறு எதையும் தொடமாட்டார். பேச்செல்லாம் ஆட்டத்துக்கு நடுவில்தான் நடக்கும். பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று மகன் கேட்பதே அப்போதுதான்.

சில வாரங்களாக ஆட்டம் பாதிக்கு மேல் எல்லோருக்கும் இழுக்க ஆரம்பித்தது. கவனியுங்கள், இவருக்கு மட்டும் இல்லை, நாலு பேருக்கும். இந்தக் கேம் அமைந்த விதம் அப்படி. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் முழு ஆட்டத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. நாலு பேரேடும் ஒவ்வொரு அடியிலும் ஒத்துப்போனால்தான் அடுத்த அடி. ஒருவர் எழுதி முடிக்கத் தாமதமானால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். குழுவில் மிக மெதுவான மெஷின் எதுவோ அதுவே எல்லோருடைய வேகம். தரவரிசை ஆட்டங்களுக்கு முன்பு உங்கள் கம்ப்யூட்டருக்கு இந்தக் கேம் ஒரு சோதனை வைப்பதும் அதனால்தான்.

மெதுவான மெஷின் தன்னுடையது என்று பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. கடையில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, “கண் சரியில்லை, இனி நீங்களே ஆடுங்கள்” என்று மகனிடம் சொல்லி ஒதுங்கிவிட்டார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. மாடிப்படியில் என்னிடம் உண்மையைச் சொன்னார்.

அவர் வீட்டில் நான் பார்த்தவற்றை அப்படியே சொல்கிறேன், பலருக்கும் பொருந்தும். லேப்டாப் மெத்தைமேல் இருந்தது, அடியில் காற்று போகும் வழி அடைபட்டு. சூடானால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் பாதிக்கு மேல் இழுப்பதற்கு இது ஒரு காரணம். ஒரு மரப்பலகை போட்டோம், விசிறித் துவாரத்தில் இருந்த தூசியைச் சுத்தம் செய்தோம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஆடும் பழக்கம் அவருக்கு. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் சிக்கனமாகத்தான் உழைக்கும். சார்ஜரைச் சொருகி, செட்டிங்ஸில் பவர் மோடை முழுத் திறனுக்கு மாற்றினோம்.

மூன்றாவது, அவர் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தன. ஒன்று பிராசஸரோடு சேர்ந்த சிறியது, இன்னொன்று தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பெரியது. கேம் சிறியதில் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், கேமைத் தேர்ந்தெடுத்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்தால் பெரியதுக்கு மாறிவிடும். மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதன் அண்ணன் ஒருவன் உண்டு. மானிட்டர் ஒயரைத் தனி கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். கார்டு வாங்கிய காசு முழுக்க வீண். இன்றே வீட்டுக்குப் போய்ப் பின்பக்கம் பாருங்கள்.

கடைசியாக கேமுக்குள். உயர்தரப் படங்களுக்கான இலவச இணைப்பு ஒன்று இருக்கிறது, அதை நீக்கினோம். அவருடைய திரையில் அதனால் வித்தியாசமே தெரியவில்லை. ஆளுக்கு 200 வீரர் என்றிருந்ததை 125 ஆக்கினோம். நாலு பேருக்கு 800 பேர் நடக்க வழி தேடுவதும் 500 பேர் தேடுவதும் ஒன்றல்ல, அந்த ஒற்றைக் கவுன்டருக்கு அதுதான் பெரிய சுமை. செலவு எதுவும் இல்லை, மரப்பலகையும் வீட்டில் கிடந்ததுதான். அடுத்த ஞாயிறு ஆட்டம் இரண்டரை மணி நேரம் ஓடியதாகக் கேள்வி. சோழர் படை தோற்றதாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

வேகம் அதிகமாவதே பிரச்சினையாகும் கேம்களும் உண்டு. அந்தக் காலப் பெட்டியில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரை மெதுவாக்கத்தான் அது பயன்பட்டது. டாஸ் காலத்துக் கேம்களில் பல பிராசஸர் வேகத்தையே கடிகாரமாக வைத்து ஓடின. இன்று அவற்றை டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஆடலாம். கன்ட்ரோலும் எஃப்11உம் அழுத்தினால் மெதுவாகும், எஃப்12 என்றால் வேகம் கூடும். பின்னால் வந்த ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸில்கூட ஃபிரேம் லிமிட்டர் என்று ஒரு அமைப்பு உண்டு. பையன்கள் அதை அணைத்துவிட்டு, தண்ணீரில் நீந்த முடியவில்லை, கார் ஒழுங்காக ஓடவில்லை என்பார்கள். அதை ஆனிலேயே விடுங்கள்.

இப்போது வங்கிக்காரனாக ஒரு வார்த்தை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

பழைய சி.டி.யைப் போட்டால் விண்டோஸ் 10இலும் 11இலும் பல கேம்கள் திறக்கவே திறக்காது. சேஃப்டிஸ்க் என்ற பழைய பூட்டை, பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உடனே பிள்ளைகள் வலையில் கிராக் தேடுவார்கள். ஏதோ ஒரு வீடியோவில், “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதைப் போடு” என்பான். அதே லேப்டாப்பில்தான் அப்பாவின் நெட்பேங்கிங், அம்மாவின் பி.எஃப். கணக்கு, தாத்தாவின் பென்ஷன். கேம் ஓடும், பின்னால் உங்கள் பாஸ்வேர்டைச் சேகரிக்கும் நிரலும் சேர்ந்து ஓடும். எந்த நல்ல மென்பொருளும் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு வருகிறேன் என்று கேட்காது. கேம் பூஸ்டர், ராம் கிளீனர், டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வருபவற்றில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுகூட இல்லை. கிராபிக்ஸ் டிரைவரை அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள். “நான் தூரத்திலிருந்தே சரிசெய்கிறேன், ஸ்கிரீனைப் பகிருங்கள்” என்று யார் அழைத்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

பூட்டில்லாத, இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்த பழைய கேம்களை ஜி.ஓ.ஜி. என்ற தளம் விற்கிறது. ஸ்டீமிலும் கிடைக்கும். தள்ளுபடி நாளில் பல கேம்கள் ஒரு ஓட்டல் டிபன் விலைக்கு வந்துவிடுகின்றன. எண்பதாயிரத்தையும் கிராக்கையும் விட இது எவ்வளவோ மேல். பிள்ளைகளுக்கு விண்டோஸில் தனியாக, அட்மின் அதிகாரம் இல்லாத கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். பத்து நிமிட வேலை. ஒருவேளை பணம் போய்விட்டால் வங்கி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே 1930க்கு அழையுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

உண்மையிலேயே காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று சொல்கிறேன். தனி கிராபிக்ஸ் இல்லாத கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம் ஒற்றைத் துண்டாக இருந்தால், அதே அளவில் இன்னொரு துண்டு சேருங்கள். உள்ளேயிருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு துண்டு என்றால் இரண்டு வழியில் வரத்து. 3டி கேம்களில் இது நன்றாகவே தெரியும். ஆனால் வாங்கும் முன் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், சில லேப்டாப்பில் இருக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 முதல் 12 வரை கிளப் ஹவுஸில் இருப்பேன். லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம். சார்ஜரையும் சேர்த்து.