இரண்டாவது சாவி எங்கே?

உங்கள் காரின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது? கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய கார்களின் வெறும் இரும்புச் சாவிக்குப் பூட்டுக்கடையிலேயே நகல் போட்டுவிடலாம். சிப் வைத்த சாவி அப்படியல்ல. கதவு திறந்தாலும், இம்மொபிலைசரில் பதியாவிட்டால் இன்ஜின் ஓடாது. பட்டன் ஸ்டார்ட் சாவிக்கும் இதே கதைதான். அது வேலை செய்யாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பலவற்றில் சிஆர் 2032தான்.

ஒரு சாவி கையில் இருக்கும்போதே மாற்றுச்சாவி போடுவது எளிது. இரண்டும் தொலைந்தால் ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்கு வண்டியைக் கட்டி இழுக்க வேண்டிவரலாம். தொலைந்த சாவியின் பதிவையும் நீக்கச் சொல்லுங்கள்.

கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் பொதுவாக இரண்டு சாவிகளையும் கேட்கும். பழைய முறுக்கு டப்பாவில் கிடந்தாலும் சரி, இன்றிரவே தேடி எடுத்து வையுங்கள்.