கேள்வி கேட்கவும் குறை சொல்லவும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"ஏதாவது டெக்னிகலாகப் பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் என்னிடம் சொன்னார். கல்லூரியில் கருத்துச் சுதந்திரம், குறைதீர்ப்பு பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "விழா நாளில் அது எதுக்கு வம்பு?" என்று சிரித்தார். பிறகு, "சரி, பேசு. ஆனா யாரையும் திட்டாதே" என்றார். திட்டப் போவதில்லை. அந்த "எதுக்கு வம்பு" என்ற சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்த இரண்டையும் நாம் தனித்தனியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கருத்துச் சுதந்திரம் என்றால் டில்லியில் பெரிய பேராசிரியர்கள் பேசுகிற விஷயம். குறைதீர்ப்பு என்றால் ஹாஸ்டல் சாம்பார், பஸ் கட்டணம். என் தாழ்மையான கருத்து, இரண்டும் ஒரே நாணயம்தான். குறை சொன்னால் மார்க் போகும் என்ற இடத்தில் கேள்வி கேட்கவும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நம்ம காலத்துச் சங்கதி ஒன்று. லேபில் யு.டி.எம். மெஷின் ரிப்பேராகிக் கிடந்தது. முந்தைய பேட்சின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டோம். நம்மில் ஒருவன் மட்டும், "சார், கம்பி அறுவதைப் பார்க்காமலே அது எத்தனை லோடில் அறுந்தது என்று எப்படி எழுதுவது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவன் ரெக்கார்டு மட்டும் மூன்று வாரம் கையெழுத்தாகவில்லை. அதைப் பார்த்த மற்ற அறுபது பேரும் பாடம் கற்றுக்கொண்டோம். அது இயந்திரவியல் பாடம் அல்ல.

அந்த ஆசிரியரை நான் குறை கூறவில்லை. ரிப்பேருக்குப் பணம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினால் தன் வேலைக்கு ஆபத்து என்று அவரும் பயந்திருக்கலாம். பயம் மேலிருந்து கீழே வரும், படிப்படியாக. கடைசிப் படியில் நிற்பவன் மாணவன். ஆகவே ஆசிரியருக்குச் சுதந்திரம் இல்லாத கல்லூரியில் மாணவனுக்கு மட்டும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1900-ஆம் ஆண்டு எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழகத்தை நிறுவிய குடும்பத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்கு அவருடைய பொதுமேடைப் பேச்சுகள் பிடிக்கவில்லை. ராஸ் சொன்னவற்றில் ஆசியத் தொழிலாளர்கள் குடியேறுவதற்கு எதிரான பேச்சும் உண்டு. நாம் ஒப்புக்கொள்ளக்கூடிய கருத்தல்ல. ஆனாலும், பணம் போட்டவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் ஆசிரியரை அனுப்பலாமா என்ற கேள்வி எழுந்தது. அதைக் கண்டித்துச் சக பேராசிரியர்கள் சிலர் ராஜினாமா செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் லவ்ஜாய், ஜான் டூயி போன்றோருடன் சேர்ந்து 1915-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் வற்புறுத்திய முக்கியமான விஷயங்களில் ஒன்று, ஓர் ஆசிரியரை நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்பது. கவனியுங்கள்: சுதந்திரத்தைக் காப்பாற்ற அவர்கள் கேட்டது ஒரு நடைமுறை.

நம் ஊருக்கு வருவோம். 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் - பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போன பெயரில்லாத ஒரு புகார், அங்கிருந்து ஐ.ஐ.டி.க்கு வந்தது, அதன் பின்னரே இந்த நடவடிக்கை. விதிமுறையை மீறினார்கள் என்றது நிர்வாகம். எங்களைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அந்த மாணவர்களின் கொள்கை நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். கேள்வி அதுவல்ல. இருதரப்பையும் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், முதலிலேயே நிதானமாக முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது.

குறைதீர்ப்பு சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நம் விடைத்தாளை நாமே பார்க்கலாம் என்று ஒரு காலத்தில் சொன்னால் சிரிப்பார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தேர்வு எழுதியவர் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. பேப்பரைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. ஒழுங்காகத் திருத்திய ஆசிரியருக்கும் அதுதான் பாதுகாப்பு.

காலம் கடந்து விழித்ததற்கும் உதாரணம் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார் என்கிறது அந்தச் சட்டம். புகாரைக் கிடப்பில் போடுவதும் குற்றம்தான் என்று சட்டமே சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

சரி, இப்போது விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. கல்லூரியில் ஒரு குழு வேண்டும். தலைவராக ஒரு பேராசிரியர், உறுப்பினர்களாக நான்கு மூத்த ஆசிரியர்கள், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் முடிக்க வேண்டும். மார்க் விஷயத்தில், குறிப்பிட்ட முறைகேடோ பாரபட்சமோ இருந்தால் மட்டுமே அவர் தலையிடுவார். இதுவும் நல்ல ஏற்பாடே. ஆசிரியர் நேர்மையாகப் போட்ட மார்க்கை யாரும் மிரட்டி மாற்ற முடியாது.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அதே கல்லூரி ஆசிரியர்கள். ஹெச்.ஓ.டி. மேல் புகார் என்றால் அவருடைய சக ஹெச்.ஓ.டி.யே விசாரிப்பார். இன்டர்னல் மார்க் அந்தத் துறையின் கையில். எந்தப் பையன் எழுதிக் கொடுப்பான்? புகார்ப் பெட்டி காலியாக இருந்தால், குறையே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. நான் வேலை பார்க்கும் தொழிலில், விபத்து நடக்காமல் தப்பியதையும் எழுதி வைக்க ஒரு ரிஜிஸ்டர் உண்டு. ஒரு ஷாப்பில் அது மாதக்கணக்கில் காலியாக இருந்தால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை. எழுதப் பயப்படுகிறார்களா என்று போய்ப் பார்ப்போம்.

ஆகவே முதல்வர் அவர்களிடம் ஐந்து வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: புகார் கொடுத்த அன்றே எண்ணும் தேதியும் போட்ட ரசீது தர வேண்டும்.

இரண்டு: புகாருக்கு உள்ளானவர் விசாரணையில் உட்காரக் கூடாது. விசாரணை முடியும்வரை, புகார் கொடுத்த மாணவரின் இன்டர்னல் மார்க்கை வேறு துறை ஆசிரியர் ஒருவரும் சரிபார்க்க வேண்டும்.

மூன்று: இருதரப்பையும் கேட்டு, காரணம் காட்டி, எழுத்தில் பதில் தர வேண்டும். மொட்டைக் கடிதத்தை மட்டும் வைத்து மாணவர் மேலோ ஆசிரியர் மேலோ நடவடிக்கை கூடாது.

நான்கு: வகுப்பில் ஆசிரியர் சொன்ன கருத்து, வைத்த புத்தகம், கேட்ட வினா, அழைத்த பேச்சாளர் ஆகியவற்றை ஒழுங்கு நடவடிக்கை விஷயமாக்கக் கூடாது. மறுப்பு இருந்தால் துறைக் கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம். மெமோ வேண்டாம்.

ஐந்து: ஆண்டறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்ற எண்ணிக்கையைப் பெயரில்லாமல் வெளியிட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 இதைத் தன் வரம்புக்குள் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. மற்றக் குறைகளுக்கும் அதையே செய்வதில் சிரமம் ஒன்றும் இல்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். குறை உள்ள மாணவர் நேரில் வரலாம், அல்லது தன் சார்பில் ஒருவரை அனுப்பலாம் என்று அந்த விதிமுறையே சொல்கிறது. மார்க் பயமோ பிளேஸ்மென்ட் பயமோ இல்லாதவர்கள் யார்? நாம்தான். பொறுமையாகக் கேட்கக்கூடிய, கோபப்படாத ஐந்து முன்னாள் மாணவர்கள் பெயர் கொடுங்கள். இருவராவது பெண்களாக இருக்கட்டும். மாணவர் கேட்டால் அவர்கள் உடன் வந்து உட்காரட்டும். அது பொய்ப் புகாராக இருந்தால், "தம்பி, இது நியாயமில்லை" என்று முதலில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நுழைவாயிலில் ஆர்ச் கட்ட நிதி திரட்டுவதாகச் சொன்னார்கள். கட்டுவோம், நானும் கொடுக்கிறேன். அந்த ஆர்ச்சின் வழியாக உள்ளே வரும் பிள்ளை, மனதில் பட்டதைப் பயமில்லாமல் கேட்டுவிட்டு, மார்க் குறையாமல் வெளியே போகட்டும். பின்வரிசைத் தம்பி தங்கைகளே, விழா முடிந்ததும் நான் கேன்டீன் பக்கம் இருப்பேன். ஏதாவது சொல்ல இருந்தால் வாருங்கள்.